நட்சத்திரத்தின் மனைவி என்று மட்டும் அறியப்பட்ட நடிகையின் வாழ்க்கையை எழுதும் முறை

சார்லி சாப்ளினைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மில்ட்ரெட் ஹாரிஸ் என்ற பெயர் எங்கோ கேட்டதாகத் தோன்றும். முதல் மனைவி, பதினாறு வயது, கருவுற்றதாக எண்ணி அவசரமாக நடந்த திருமணம், மூன்றே நாளில் இறந்துபோன குழந்தை, இரண்டு ஆண்டில் மணவிலக்கு என்று நான்கைந்து வரிகளில் அவர் வந்து மறைந்துவிடுவார். அந்த வரிகளில் தகவல் பிழை எதுவும் இருக்காது. ஆனால் அவற்றைப் படித்து முடித்தவருக்கு அவர் நடிகை என்பதே தெரியாமல் போகலாம். நானும் பல ஆண்டுகளுக்கு முன்பு அவரை அப்படித்தான் எழுதினேன். அவர் நடித்த படங்களின் பட்டியலைப் பின்னர் ஒருநாள் முழுமையாகப் பார்த்தபோது, நான் எழுதியது அவரைப் பற்றியே அல்ல, சாப்ளினின் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு சங்கடத்தைப் பற்றித்தான் என்று புரிந்தது.

புகழ்பெற்ற நடிகரை மணந்த, அவ்வளவாகப் புகழ்பெறாத நடிகையின் வாழ்க்கையை எழுத முனைபவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இணையக் கலைக்களஞ்சியத்துக்கோ இதழுக்கோ எழுதுபவர்கள் என் முதல் வாசகர்கள். முறையை வெறும் விதிகளாகச் சொன்னால் மனத்தில் நிற்காது என்பதால், மில்ட்ரெட் ஹாரிஸ் ஒருவரையே எடுத்துக்கொண்டு, அவரை எப்படி எழுதலாம் என்று தொடக்கத்திலிருந்து செய்து காட்டுகிறேன்.

முதல் வேலை: அவருடைய காலவரிசை

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் அவருடைய காலவரிசையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கணவரின் பெயர் அதில் எங்கே வர வேண்டுமோ அங்கே மட்டும் வரட்டும். மில்ட்ரெட் 1901 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷயான் நகரில் பிறந்தார். தந்தை தந்தி அலுவலகப் பணியாளர். 1912-இல், பத்து வயதில், குறும்படம் ஒன்றில் முதன்முதலாக நடித்தார். 1914-இல், ஓஸ் என்ற மாயநாட்டைப் பற்றிய சிறுவர் கதைகளைப் படமாக்கிய நிறுவனத்தின் படங்களில் சிறுவர் வேடங்கள் ஏற்றார். 1916-இல் கிரிஃபித் இயக்கிய 'இன்டாலரன்ஸ்' என்ற பிரம்மாண்டப் படத்தின் பாபிலோன் பகுதியில் அந்தப்புரப் பெண்களுள் ஒருவராக வந்தார். 1917, 1918 ஆண்டுகளில் லோயிஸ் வெபர் இயக்கிய படங்களில் கதாநாயகியானார். 1918 அக்டோபர் 23 அன்று சாப்ளினை மணந்தார். 1919 ஜூலை 7 அன்று பிறந்த மகன் ஜூலை 10 அன்று இறந்தான். 1920 நவம்பரில் மணவிலக்கு. 1921-இல் செசில் பி. டிமில் இயக்கிய 'ஃபூல்ஸ் பேரடைஸ்'. 1924-இல் இரண்டாம் திருமணம், அடுத்த ஆண்டு ஒரு மகன், 1929-இல் மீண்டும் மணவிலக்கு, 1934-இல் மூன்றாம் திருமணம். 1944 ஜூலை 20 அன்று, 42 வயதில், அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து வந்த நிமோனியாவால் மறைவு.

இந்தப் பட்டியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டுரையின் அளவுகள் தாமே தெரியவரும். 42 ஆண்டு வாழ்க்கையில் சாப்ளினுடனான மணவாழ்க்கை இரண்டு ஆண்டும் சில வாரங்களும்தான். திரைவாழ்க்கையோ, இடைவெளிகளைக் கழிக்காமல் கணக்கிட்டால், ஏறத்தாழ 32 ஆண்டு. நாம் எழுதும் கட்டுரையில் அந்த இரண்டு ஆண்டு பத்தில் எட்டுப் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டால், வாசகரின் ஆர்வத்துக்கு ஈடுகொடுத்தோம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை எழுதினோம் என்று சொல்ல முடியாது. திருமணம்தான் வாசகரை இந்தக் கட்டுரைக்கு அழைத்து வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சுருக்கி ஒளிக்கவும் சொல்லவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவற்றுக்கு உரிய இடத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு திருமணத்தை எழுதுங்கள் என்கிறேன்.

பட்டியல் வேறொன்றையும் காட்டுகிறது. மணமானபோது மில்ட்ரெட்டுக்குப் பதினேழு வயது நிறையவே இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மணவிலக்குக் கிடைத்தபோது பத்தொன்பது நிறையச் சில நாட்கள் இருந்தன. திருமணம், பிரசவம், குழந்தையின் மரணம், நீதிமன்றம், நாடெங்கும் செய்தித்தாள்களில் பெயர் என அனைத்தும் பத்தொன்பது வயது நிறைவதற்குள் முடிந்துவிட்டன. தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும் வரை இது என் மனத்தில் உறைக்கவே இல்லை.

'சிறிய நடிகை' என்று யார் சொன்னது?

அவர் உண்மையிலேயே சிறிய நடிகையா என்பதை அடுத்துச் சோதிக்க வேண்டும். புகழின் உச்சியில் இருந்த ஒருவரின் அருகே யாரை நிறுத்தினாலும் சிறியவராகத்தான் தெரிவார். 1917-இலேயே எட்டுப் படங்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டு சொந்த ஸ்டுடியோவில் வேலை தொடங்கியவர் சாப்ளின். அவருடன் ஒப்பிட்டால் அன்றைய ஹாலிவுட்டில் பெரும்பாலானோர் சிறியவர்களே. மாறாக, 1918-இன் தொடக்கத்தில் மட்டும் நின்று பார்த்தால் மில்ட்ரெட் வளர்ந்துகொண்டிருந்த இளம் கதாநாயகி. அக்காலத்தின் முன்னணி இயக்குநர்களுள் ஒருவரும், பெண் இயக்குநர்களில் மிக உயர்ந்த இடத்தில் இருந்தவருமான லோயிஸ் வெபர், ஒரு படத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து பல படங்களில் அவரை முதன்மை வேடங்களுக்குத் தேர்ந்தெடுத்தார். சாப்ளினைச் சந்திப்பதற்கு முன்பே அவருக்கு ஆறு ஆண்டு அனுபவம் இருந்தது. குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிக் கதாநாயகி ஆவது எத்தனை பேருக்குக் கைகூடாமல் போயிற்று என்பதைத் திரைவரலாறு தெரிந்தவர்கள் அறிவார்கள்.

நடிப்பின் தரத்தை மதிப்பிடும்போது கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில், வெளியான மூல வடிவத்திலேயே முழுமையாக எஞ்சியிருப்பவை 14 விழுக்காடு மட்டுமே. சுமார் 70 விழுக்காடு அடியோடு அழிந்துவிட்டன. சாப்ளினின் படங்கள் அவருடைய சொந்த உடைமையாக இருந்ததாலும், உலகமே திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பியதாலும் காப்பாற்றப்பட்டன. மில்ட்ரெட் போன்றவர்களின் படங்களைக் காப்பாற்ற எவருக்கும் பண ஆதாயம் இருக்கவில்லை. ஆகவே 'அவருடைய படங்கள் எதுவும் நினைவில் நிற்கவில்லை' என்று எழுதுவதற்கு முன், நினைவில் நிற்பதற்கு அந்தப் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கக் கிடைக்காத படத்தில் ஒருவர் நடித்ததைப் பற்றி, அக்கால விமரிசகர் என்ன எழுதினார் என்று பெயர், தேதியுடன் சொல்லலாம். நம் தீர்ப்பைச் சொல்லக் கூடாது.

'துணை நடிகை' என்ற நம் சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லில் இழிவு எதுவும் இல்லை. ஒரு தொழிலைக் குறிக்கும் சொல் அது. ஆனால் செய்தித்தாள் தலைப்புகளில், குறிப்பாகக் குற்றச் செய்திகளில், பல ஆண்டுகளாகப் புழங்கிப் புழங்கி அதன்மேல் ஓர் அழுக்குப் படிந்துவிட்டது. அதைவிட, எந்த ஆண்டில் எந்த வேடம் என்று எழுதுவதே சிறந்தது. '1916-இல் கூட்டக் காட்சியில், 1918-இல் கதாநாயகியாக, 1942-இல் பெயர் போடப்படாத சிறு வேடத்தில்' என்று எழுதிவிட்டால் அடைமொழியே தேவைப்படாது.

திருமணத்தை எழுதும்போது

வயதை மழுப்பாதீர்கள். 'இளம் மனைவி' என்பது மழுப்பல். சாப்ளினுக்கு வயது 29, மில்ட்ரெட்டுக்கு 16. 'அந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்' என்று எழுதி நகர்ந்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அது தகவலாகவே தவறு. கலிபோர்னியா மாநிலம் 1913-இலேயே உடலுறவுக்கான ஒப்புதல் வயதை 18-ஆக உயர்த்தியிருந்தது. ஆகவே கருவுற்றதாக வந்த செய்தி, அது பின்னர் தவறு என்று தெரிந்தபோதிலும், சாப்ளினுக்கு மானப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை, சட்டப் பிரச்சினையாகவும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண் பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார் என்ற பழி மட்டும் வாசகர் மனத்தில் தங்கும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1924-இல், தன் 35-ஆம் வயதில், சாப்ளின் மீண்டும் பதினாறு வயதுப் பெண்ணான லிட்டா கிரேயை மெக்சிகோவில் மணந்தார் என்ற செய்தியையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விளக்கவுரை வேண்டியதில்லை, வாசகர் தாமே இரண்டையும் இணைத்துப் பார்த்துக்கொள்வார்.

மணவாழ்க்கையின் உள்நிலவரத்தை எழுதும்போது, யார் சொன்னது என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் உடன்வர வேண்டும். சாப்ளின் 1964-இல் தன்வரலாறு எழுதினார். அதில் மில்ட்ரெட் வருகிறார். வயதுக்கு ஏற்ற முதிர்ச்சி இல்லாதவராக, பேசிப் புரிந்துகொள்ள இயலாதவராக வருகிறார். அந்த நூல் வந்தபோது மில்ட்ரெட் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் மனைவி லிட்டா கிரே பிற்காலத்தில் தன் தரப்பைத் தானே நூலாக எழுதினார். மில்ட்ரெட் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. ஒருவரின் நூல் உலகமெங்கும் விற்றுக்கொண்டிருக்க, மற்றவரின் தரப்பு பழைய செய்தித்தாள் துணுக்குகளில் சிதறிக் கிடக்கும்போது, 'இருவருக்கும் மனம் ஒத்துப்போகவில்லை' என்று நடுநிலை பேசுவதுகூட ஒரு தரப்பையே எழுதுவதாகிவிடும். 'மில்ட்ரெட்டுக்கு முதிர்ச்சி போதவில்லை' என்று எழுதாமல், 'மில்ட்ரெட்டுக்கு முதிர்ச்சி போதவில்லை என்று சாப்ளின் பின்னாளில் எழுதினார்' என்று எழுதுங்கள். கூடவே, அந்த முதிர்ச்சி எந்த வயதுப் பெண்ணிடம் எதிர்பார்க்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

அதேபோல், ரசிகர் இதழ்களில் அவர் சொன்னதாக வந்த பேட்டிகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை ஸ்டுடியோ விளம்பரப் பிரிவுகளின் கைபட்டு வந்தவை. அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் நடிகையை எப்படிக் காட்ட விரும்பினார்கள் என்பதற்கான சான்றாகப் பயன்படுத்த வேண்டும்.

பெயர் விற்கப்பட்ட கதை இந்த இடத்தில் வர வேண்டும். பின்னாளில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைவராக விளங்கிய லூயி பி. மேயர் அப்போது தனித் தயாரிப்பாளர். திருமணம் முடிந்ததும் அவர் மில்ட்ரெட்டை ஒப்பந்தம் செய்து, 'மில்ட்ரெட் ஹாரிஸ் சாப்ளின்' என்ற பெயரில் படங்களை விளம்பரப்படுத்தினார். சாப்ளினுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. 1920 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸின் அலெக்சாண்ட்ரியா ஓட்டலில் சாப்ளினும் மேயரும் கைகலப்பில் இறங்கியதை அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. இந்த நிகழ்ச்சியை இரண்டு ஆண்களின் சண்டையாகச் சுவையாக எழுதிவிட்டுப் போவது எளிது. அந்தப் பெயரால் மில்ட்ரெட் பெற்றதும் இழந்ததும் என்ன என்பதுதான் நமக்கு வேண்டியது. விளம்பரத்தில் பெயர் பெரிதானது. ஆனால் ஆறு ஆண்டு உழைத்துத் தேடிய பெயருக்குப் பின்னால் வேறொருவரின் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு எப்போதுமே முழுதாகக் கழன்று விழவில்லை.

குழந்தையின் மரணம்

நார்மன் ஸ்பென்சர் சாப்ளின் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை மூன்று நாள் உயிரோடிருந்தான். இங்கிள்வுட் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவனுடைய கல்லறையில் 'சின்னஞ்சிறு சுண்டெலி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் எழுத்தாளர்கள் அனைவருக்கும் கை துறுதுறுக்கும். குழந்தை இறந்த சில வாரங்களுக்குள் சாப்ளின் 'தி கிட்' படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார், ஒரு மகனை இழந்தவர் தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் ஏழையின் கதையைப் படமாக்கினார். நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன என்பது உண்மை, அவற்றுக்குள் தொடர்பு இருக்கலாம் என்று கருதுவதிலும் தவறில்லை. ஆனால் நாம் எழுதுவது தாயின் வரலாறு. அந்தப் பத்தியை நேராகப் படத்துக்குக் கொண்டுபோனால், ஒரு பெண்ணின் பிள்ளைச் சோகத்தை ஒரு கலைப்படைப்புக்கான மூலப்பொருளாக்கிவிட்டு நகர்ந்தவர்களாவோம். 17 வயதுத் தாய் அதன்பின் என்ன செய்தார், எப்போது மீண்டும் படப்பிடிப்புக்குப் போனார், அடுத்த ஆண்டில் எந்தப் படங்கள் வெளிவந்தன என்று அவர் பக்கமே நில்லுங்கள். 1920-இல் அவர் நடித்த பல படங்கள் வெளியாயின. துக்கத்தின் நடுவே அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது. அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நாம் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம்.

வழக்கும் பணமும்

மணவிலக்கு வழக்கின் ஆவணங்களைப் படிக்கும்போது ஒரு சட்ட உண்மையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எவர் மீதும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்குப் பெறும் வழி கலிபோர்னியாவில் 1970-இல்தான் வந்தது. அதற்கு முன்பு, பிரிய விரும்பும் இருவரில் ஒருவர் மற்றவர்மீது கொடுமை, கைவிடல், பிறர்தொடர்பு என்று சட்டம் ஏற்கும் குற்றம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'மனரீதியான கொடுமை' என்பது அவ்வாறு எண்ணற்ற மனுக்களில் எழுதப்பட்ட வாசகம். எனவே மனுவில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நடந்த நிகழ்ச்சியின் நேர்ப்பதிவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, வெறும் சடங்கு என்று முழுதாக ஒதுக்கவும் கூடாது. எதிர்த்தரப்பு நடத்தை பற்றிப் பரப்பிய வதந்திகளுக்கும் இதே அளவுகோல்தான். சான்று இல்லாத வதந்தியை 'சொல்லப்படுகிறது' என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. அதை விட்டுவிடுவதே முறை.

அடுத்தது தொகை. மில்ட்ரெட்டுக்கு 1,00,000 டாலரும், பொதுச் சொத்தில் ஒரு பங்கும் கிடைத்தன. இதை நம் கட்டுரைகள் 'ஜீவனாம்சம்' என்று எழுதுகின்றன. ஜீவனாம்சம் என்றால் வாழ்க்கைச் செலவுக்காகத் தொடர்ந்து கொடுக்கப்படுவது என்றே நம் வாசகர் புரிந்துகொள்வார். இது அதுவன்று, கணக்குத் தீர்த்துக் கொடுத்த மொத்தத் தொகை. கலிபோர்னியாவின் சட்டப்படி, மணவாழ்க்கைக் காலத்தில் கணவனோ மனைவியோ ஈட்டியது இருவரின் பொதுச் சொத்தாகக் கருதப்படும். ஆகவே 'பெரும் தொகையைக் கறந்துகொண்டார்' என்ற தொனியே இங்கே பொருந்தாது. சாப்ளின் 'தி கிட்' படத்தின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டி, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி ஓட்டல் ஒன்றில் அறை எடுத்துப் படத்தொகுப்பு செய்தார் என்ற புகழ்பெற்ற கதைக்கும் இதுவே காரணம். மணவாழ்க்கைக் காலத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதால் அது வழக்கில் முடக்கப்படலாம் என்று அவர் அஞ்சினார். விநியோக நிறுவனத்தோடும் அப்போது அவருக்குத் தகராறு இருந்தது. இந்தக் கதையைச் சாகசமாகச் சொல்வதே வழக்கம். மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால், சட்டம் தனக்குப் பங்கு தரக்கூடிய சொத்து ஒன்று நீதிமன்றத்தின் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கதை அது. இரண்டு பக்கத்தையும் ஒரே பத்தியில் சொல்லிவிட முடியும், சொல்லுங்கள்.

தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் ஆசையைத் தவிர்ப்பது நல்லது. அதே ஆண்டுகளின் இன்னொரு தொகையோடு ஒப்பிட்டால் பொருள் தெளிவாகும். ஒரு லட்சம் என்பது சாப்ளினின் பத்து லட்ச ஒப்பந்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

பிறகு வந்த ஆண்டுகள்

1920 நவம்பருக்கும் 1944 ஜூலைக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலான கட்டுரைகள் அவற்றைக் கடக்க ஒரே வாக்கியம் எடுத்துக்கொள்கின்றன, அதில் 'வீழ்ச்சி' என்ற சொல் தவறாமல் இருக்கும். உங்கள் கட்டுரையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இருபதுகளில் அவர் தொடர்ந்து நடித்தார். 1928-இல் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஃப்ராங்க் காப்ரா இயக்கிய 'தி பவர் ஆஃப் தி பிரஸ்' படத்தில் நடித்தார். அதே ஆண்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் முதல் முழுநீளப் பேசும்படமாகக் குறிப்பிடப்படும் 'மெலடி ஆஃப் லவ்' படத்திலும் இடம்பெற்றார். பேசும்படம் வந்ததும் காணாமல் போனார் என்று ஒரே வரியில் எழுதினால் இந்தத் தகவல் குறுக்கே நிற்கும். வாய்ப்புகள் குறைந்தது உண்மைதான். மௌனப்பட நடிகர்களில் பலருக்கும் அந்த ஆண்டுகளில் அதுவே நேர்ந்தது, அதற்குச் சாப்ளினின் மணவிலக்கைக் காரணமாக்குவது கதைக்கு வசதியாக இருக்கும் என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை.

வாய்ப்பு குறைந்தபோது அவர் மேடைக்குப் போனார், வாட்வில் எனப்படும் பல்சுவை நிகழ்ச்சிகளிலும், கேலியும் ஆடலும் கலந்த பர்லெஸ்க் மேடைகளிலும் ஊர் ஊராகச் சென்று நடித்தார். 1936-இல் மூன்று ஸ்டூஜஸ் நகைச்சுவைக் குழுவின் குறும்படம் ஒன்றில் திரைப்பட நடிகையாகவே வந்தார். 1921-இல் தன்னை முக்கிய வேடத்தில் நடிக்க வைத்த டிமில், 21 ஆண்டுகள் கழித்து, 1942-இல் எடுத்த 'ரீப் தி வைல்ட் விண்ட்' படத்தில், பெயர் பட்டியலில் வராத ஒரு சிறு வேடத்தில் அவர் நடித்தார். ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள், இரண்டு வேடங்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், 'பரிதாபம்' என்ற சொல்லை நீங்கள் எழுத வேண்டியிராது. அதை நான் பரிதாபமாகவும் பார்க்கவில்லை. பத்து வயதில் கற்ற தொழிலை நாற்பது வயதிலும் விடாமல் செய்துகொண்டிருந்தவரின் பிடிப்பு அதில் எனக்குத் தெரிகிறது. ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கும் ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டிருக்கிறது.

1992-இல் வெளிவந்த சாப்ளின் வாழ்க்கைப் படத்தில் மில்ட்ரெட்டாக மில்லா ஜோவோவிச் நடித்தார். அத்தகைய படங்களில் வரும் உரையாடலையோ காட்சியையோ நடந்ததாக எடுத்து எழுதுவது அடிக்கடி நிகழும் பிழை. திரைக்கதை எழுதியவருக்குள்ள உரிமை நமக்கு இல்லை.

எங்கே தேடுவது?

வீட்டிலிருந்தபடியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடலாம். அக்கால ரசிகர் இதழ்களும் தொழில்முறை இதழ்களும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தளத்திலும், கலிபோர்னியாவின் பழைய செய்தித்தாள் தொகுப்பிலும் நாளிதழ்களைத் தேடலாம். படங்களின் விவரங்களுக்கு அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் பட்டியல் நம்பத்தக்கது. சாப்ளினின் ஆவணங்களை இத்தாலியின் போலோன்யா நகரத் திரைப்படக் காப்பகம் மின்னாக்கம் செய்திருக்கிறது. தேடும்போது ஒரே பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். மில்ட்ரெட் ஹாரிஸ், மில்ட்ரெட் ஹாரிஸ் சாப்ளின், திருமதி சார்லி சாப்ளின் என்று மூன்று வகையிலும், பிற்காலக் கணவர்களின் குடும்பப் பெயர்களைச் சேர்த்தும் தேட வேண்டும். பெண்களின் வரலாறு பாதி தொலைந்துபோவதற்குப் பெயர் மாற்றமே காரணம் என்பதை இந்தத் தேடலில் நேரடியாக உணர்வீர்கள். நம் ஊர் நடிகை ஒருவரைப் பற்றி எழுதுபவர்கள், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ள பாட்டுப் புத்தகங்களிலிருந்தும் பழைய சினிமா இதழ்களிலிருந்தும் தொடங்கலாம். நடிகர் பட்டியலில் பெயர் எத்தனையாவதாக அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை ஆண்டுவாரியாகக் குறித்து வந்தாலே ஒரு திரைவாழ்க்கையின் ஏற்றமும் இறக்கமும் துலங்கும்.

தமிழ் நடையில் கவனிக்க வேண்டியது

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் கட்டுரைகளில் சாப்ளின் 'அவர்' ஆக இருப்பார், மில்ட்ரெட் 'அவள்' ஆகிவிடுவார். அவர் வந்தார், அவள் அழுதாள் என்று ஒரே வாக்கியத்துக்குள்ளேயே இப்படி நேர்வதைப் பார்த்திருக்கிறேன். வயதில் சிறியவர் என்பதால் எழுதுபவருக்குத் தெரியாமலே இது நடக்கிறது. ஒருவரை மரியாதைப் பன்மையிலும் மற்றவரை ஒருமையிலும் எழுதும்போது, வழக்கின் தீர்ப்பை வினைமுற்றிலேயே எழுதிவிடுகிறோம். இருவருக்கும் ஒரே மரியாதையைப் பத்து வயதுக் காட்சி முதல் மறைவு வரை ஒரே சீராகக் கொடுங்கள். அதேபோல், கணவரைக் குடும்பப் பெயராலும் மனைவியை முதற்பெயராலும் அழைப்பதிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. இந்த வழிகாட்டியில் 'ஹாரிஸ்' என்று எழுதினால் தமிழ் வாசகர் ஆண் என்று நினைக்கக்கூடும் என்பதால் 'மில்ட்ரெட்' என்று எழுதினேன். முழுக் கட்டுரையில் முதல் முறை முழுப் பெயரை எழுதிவிட்டு, பின்னர் 'மில்ட்ரெட் ஹாரிஸ்' என்றே தொடர்வது இன்னும் முறையாக இருக்கும்.

'சாப்ளினின் முதல் மனைவி' என்ற தொடர் கட்டுரையில் கட்டாயம் வர வேண்டும், அதைத் தேடித்தான் வாசகர் வருகிறார். அது எங்கே வருகிறது என்பதே கேள்வி. எல்லா வேலையும் முடிந்தபின், கடைசியாக எழுத வேண்டியது முதல் வாக்கியம். மேலே சொன்னவற்றைக் கொண்டு நான் எழுதினால் அது இப்படி அமையும்:

'மில்ட்ரெட் ஹாரிஸ் (1901–1944) அமெரிக்கத் திரைப்பட, மேடை நடிகை. பத்து வயதில் நடிக்கத் தொடங்கி, லோயிஸ் வெபரின் படங்களில் கதாநாயகியாகவும் பின்னர் டிமில், காப்ரா ஆகியோரின் படங்களிலும் நடித்து, மறையும் ஆண்டு வரை திரையில் பணியாற்றியவர். 1918 முதல் 1920 வரை சார்லி சாப்ளினின் மனைவியாக இருந்தார்.'